எரிப்பதா, கொடுப்பதா?

உங்கள் வீட்டு பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். மேல்தட்டில், நாப்தலின் உருண்டை வாசனையோடு சில துணிகள் தூங்கிக்கொண்டிருக்கும். 'இளைச்சதும் போட்டுக்கலாம்' என்று எடுத்து வைத்த பேன்ட். மச்சினர் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை கட்டின பட்டுப் புடவை. யாரோ கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்த, கலர் பிடிக்காத சட்டைத் துணி (இன்னும் தைக்கவே கொடுக்கவில்லை!). உடுத்தவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மனசு வராது. 'காசு குடுத்து வாங்கினதாச்சே!'

காமர்ஸ் படித்தவர்கள் இதற்கு 'சங்க் காஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூழ்கிப்போன செலவு. போன காசு போனதுதான். அதை நினைத்து இன்றைய முடிவை எடுக்காதே என்பது பாடம். பரீட்சையில் இதை எழுதிப் பாஸ் பண்ணியவன்கூட பீரோ முன்னால் நின்றால் மறந்துவிடுவான்.

ஒரு வீட்டு பீரோவைக் காலி பண்ணவே இந்தப் பாடு என்றால், ஒரு தேசத்தின் பீரோவையே காலி பண்ணச் சொன்னால்?

சொன்னார் ஒருவர். 1921-ல்.

அந்த வருடம் ஜூலை 31, பம்பாய். திலகரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு முதல் நாள். பரேல் பகுதியில், உமர் சோபானி என்ற காங்கிரஸ் பிரமுகருக்குச் சொந்தமான எல்ஃபின்ஸ்டன் மில் வளாகத்தில் பெருங்கூட்டம். நடுவே மலைபோலத் துணிகள். விலை உயர்ந்த புடவைகள், கோட்டுகள், சட்டைகள், தொப்பிகள்... எல்லாம் அந்நியத் துணி. காந்திஜி தன் கையாலேயே தீ வைத்தார். (நூல் நூற்கும் மில்லின் முதலாளி, துணி எரிக்க இடம் கொடுக்கிறார்! அந்நியத் துணி ஒழிந்தால் யாருக்கு லாபம் என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை.)

துணி எரிப்பு புதுசு இல்லை. 1905-ல் வங்கப் பிரிவினை சமயத்திலேயே புனாவில் சாவர்க்கரும் மாணவர்களும் செய்ததுதான். ஆனால், 1921-ல் நடந்தது கெடு வைத்த வேலை. பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, செப்டம்பர் 30-க்குள் அந்நியத் துணியை முழுசாகக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. இரண்டே மாதம்! சேகரித்த துணியை என்ன செய்வது என்பதற்கும் அதில் வழி இருந்தது. ஒன்று, எரிக்கலாம். அல்லது, கொடுப்பவர் விரும்பினால் இந்தியாவுக்கு வெளியே உபயோகத்துக்கு அனுப்பலாம். கிலாபத் இயக்க நேரமல்லவா? துருக்கியின் ஸ்மிர்னா பகுதியில் போரில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்குப் போகட்டும் என்று ஏற்பாடு. உள்ளூர் ஏழைக்குக் கொடுப்பது மட்டும் பட்டியலில் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஊராகத் தீ பரவியது. அலகாபாத்தில் மோதிலால் நேருவின் ஆனந்த பவனத்திலும் பட்டும் பகட்டுமாக அந்நியத் துணிகள் சாம்பலாயின. அந்த வீட்டுச் சிறுமியிடம் ஒரு வெளிநாட்டுப் பொம்மை இருந்தது. 'துணியெல்லாம் எரிக்கிறீங்களே, உன் பொம்மை மட்டும் என்ன?' என்கிற மாதிரி ஒரு விருந்தாளி கேட்டுவைக்க, பிள்ளை பல நாள் தவித்தது. கடைசியில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கொளுத்திவிட்டது. அதற்கப்புறம் தீக்குச்சி உரசுவதென்றாலே தனக்குப் பிடிக்காமல் போனதாக, பிரதமராக உயர்ந்த அந்தச் சிறுமி, இந்திரா காந்தி, பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் புத்தகத்தில் பலன் தெரிந்தது. 1920-21-ல் 102 கோடி ரூபாயாக இருந்த அந்நியத் துணி இறக்குமதி, அடுத்த வருடம் 57 கோடிக்கு இறங்கியது. எல்லாமே காந்திஜியின் நெருப்பால்தான் என்று சொன்னால் அது அரைக்கணக்கு. அப்போது ரூபாயின் வெளிநாட்டு மாற்று மதிப்பு சரிந்துகிடந்தது. பழைய ரேட்டில் ஆர்டர் கொடுத்திருந்த வியாபாரிகளுக்குச் சரக்கு எடுத்தாலே நஷ்டம். தேசபக்தியும் லாப நஷ்டமும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்ற வருடம் அது.

ஆனால் நெருக்கமானவர்களே நெளிந்தார்கள். முதலில் சி.எஃப்.ஆண்ட்ரூஸ். ஆங்கிலேயப் பாதிரியார், காந்திஜிக்கு உயிர் நண்பர். 'சக மனிதர்கள், ஆணும் பெண்ணும் உழைத்து நெய்ததை எப்படி நெருப்பில் போடுகிறீர்கள்? நீங்கள் கொடுத்த கதரை உடுத்தவே இப்போது பயமாக இருக்கிறது. மற்றவர்களைப் பாவிகள் என்று நான் தீர்ப்புச் சொல்வது போல ஆகிவிடுமோ?' என்கிற ரீதியில் கடிதம் எழுதினார். காந்திஜி அதை ஒளிக்கவில்லை. செப்டம்பர் 1 'யங் இந்தியா'வில் அச்சிட்டு, கூடவே தன் பதிலையும் போட்டார். மனிதர்கள் மேல் இருக்கிற வெறுப்பைப் பொருட்கள் மேல் திருப்பிவிடுகிறேன், அவ்வளவுதான் என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி.

மறுபாதிதான் முக்கியம். 'எரிப்பதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?' அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி இது. காந்திஜியின் பதில், நமக்கு அவமானம் என்று கழற்றிப் போட்டதை ஏழையிடம் நீட்டலாமா என்பது. அவனுக்கு மட்டும் மானமும் தேசபக்தியும் கிடையாதா?

இதைக் கேட்கும்போது எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாடு முழுக்க ஜனங்கள் பீரோவைத் திறந்தார்கள். லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. வீடு, படகு, பிள்ளைகளை இழந்து நின்ற மீனவர்கள் அதைத் தொடக்கூட இல்லை. முந்தாநாள் வரைக்கும் உழைத்துச் சம்பாதித்துக் கௌரவமாக உடுத்திக்கொண்டிருந்தவர்கள், யாரோ போட்டுக் கிழிந்ததை எதற்கு எடுக்க வேண்டும்? தில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் வந்து, மிஞ்சிய துணிகளை அள்ளித் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களில் பல பேர் செய்தது தானம் இல்லை, பீரோவில் இடம் பண்ணிக்கொண்டதுதான்.

ஆகவே, காந்திஜியின் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு எதிர்க்கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்டவர் ரவீந்திரநாத் தாகூர்.

1921 செப்டம்பர் 6. கல்கத்தா ஜொராசங்கோவில் தாகூரின் வீடு. உள்ளே காந்தியும் தாகூரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உடன் ஆண்ட்ரூஸ். வெளியே முற்றத்தில், தொண்டர்கள் அந்நியத் துணியைக் குவித்துத் தீ வைத்து ஆர்ப்பாட்டம் செய்தார்களாம். 'உங்கள் அகிம்சைத் தொண்டர்களின் லட்சணத்தைப் பாருங்கள்' என்று வராந்தாவிலிருந்து தாம் காட்டியதாக, பின்னாளில் எல்ம்ஹர்ஸ்ட் என்ற நண்பரிடம் தாகூர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதமே 'மாடர்ன் ரெவ்யூ'வில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார் கவிஞர். அதில் அவர் கேட்டது, நீங்கள் எரிக்கிற துணி யாருடையது? உடுத்தத் துணியில்லாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிடக்கிற பெண்கள் இருக்கிறார்களே, நியாயப்படி அது அவர்களுடையது. அவர்கள் எரிக்கச் சொல்லியிருந்தால் அது அவர்களின் தியாகம். அவர்களைக் கேட்காமல் நீங்கள் எரித்தால்?

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. இதைவிட ஆச்சரியம், தாகூர் இதை அச்சில் கேட்பதற்கு முன்பே காந்திஜியின் காதில் வேறு யாரோ இதைப் போட்டுவிட்டிருந்தார்கள் என்பதுதான். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் கிழக்கு வங்காளத்தில், பாரிசாலில் இருந்தார். பக்கத்து குல்னா மாவட்டத்தில் பஞ்சம். விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் நிவாரண வேலைகளை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே காந்திஜியை ஒருவர் குத்தலாகக் கேட்டிருக்கிறார்: 'அங்க ஜனங்க பசியிலயும் அம்மணமாவும் சாவுறாங்க. நீங்க துணியக் கொளுத்துறீங்களே!'

சுருக்கென்று தைத்திருக்கிறது. என் சட்டையையும் வேட்டியையும் ராய்க்கு அனுப்பிவிட்டு, ஒரு கோவணத் துண்டோடு இருந்துவிடலாமா என்று அப்போதே தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் செய்யவில்லை. செப்டம்பர் 14-ம் தேதி வால்டேர் ரயில் நிலையத்தில், கூட வந்த மௌலானா முகமது அலியை போலீஸ் கைது செய்துகொண்டு போனது. அப்போதும் அதே எண்ணம் வந்திருக்கிறது. 'ஸீன் போடுகிறார்' என்று நினைப்பார்களோ என்று அப்போதும் அடக்கிக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். உடையைக் கழற்றுவது இந்த மனிதருக்குப் புதுசு கிடையாது. லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தபோது பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுனுக்கு ஈவ்னிங் சூட் தைத்துக்கொண்டவர் அவர். தொப்பி மட்டும் 19 ஷில்லிங்! 1915-ல் பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கும்போது கத்தியவார் உடுப்பு, பெரிய தலைப்பாகை. பிறகு தலைப்பாகை போய் குல்லா வந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டி கொஞ்சம் இளைத்தது. ஆனால் மேலே ஒரு சட்டையும் முழு வேட்டியும் பாக்கி.

அந்தப் பாக்கிக்குத் தமிழ்நாட்டில்தான் முடிவு வந்தது. சென்னையிலிருந்து தெற்கே வருகிற ரயிலில், பெட்டி முழுக்க அந்நியத் துணி உடுத்திய ஜனங்கள். பேச்சுக்கொடுத்தார். 'கதரா? நாங்க ஏழைங்க. அது விலை ஜாஸ்திங்களே!' என்றார்கள். பொய் இல்லை. மில் துணியைவிடக் கதர் அப்போது விலை அதிகம், போதுமான அளவு கிடைக்கவும் இல்லை. இருக்கிற ஒரே துணியை எரித்துவிட்டு, அடுத்ததை எதைக் கொண்டு வாங்குவான் கூலிக்காரன்? பீரோ நிறைய வைத்திருக்கிறவனுக்கு எரிப்பது சுலபம். கொடியில் ஒன்று, உடம்பில் ஒன்று என்று இருக்கிறவனிடம் போய் எதை எரிக்கச் சொல்வது? சொல்கிறவரோ சட்டை, வேட்டி, குல்லாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

மதுரை, மேலமாசி வீதி. ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்தி அன்பரின் வீட்டு மாடியில் தங்கினார் காந்திஜி. செப்டம்பர் 22. சட்டையும் குல்லாவும் போயின. இடுப்பில் முழங்கால் வரை ஒரு துண்டு. தேவைப்பட்டால் மேலே போர்த்திக்கொள்ள ஒன்று. அவ்வளவுதான். முழு உடை வாங்க வசதியில்லாதவர்கள் கோவணத்தோடு சமாளியுங்கள் என்று சொல்ல வேண்டும். தான் செய்யாததைப் பிறருக்குச் சொல்ல முடியாது என்று அறிக்கை கொடுத்தார். கதர் சப்ளையை ஒரே நாளில் கூட்ட முடியாது. மனுஷன் தன் டிமாண்டைக் குறைத்துக்கொண்டார்!

உடன் இருந்த நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜனங்கள் சங்கடப்படுவார்கள், பைத்தியம் என்பார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் புது உடையில் அவர் ஜனங்கள் முன் முதலில் நின்ற இடத்துக்கு 'காந்தி பொட்டல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தங்கிய வீட்டில் இன்றைக்குக் கதர்க் கடை நடக்கிறது.

என் அபிப்பிராயம் இது. தாகூருக்கும் குல்னாவுக்கும் காந்திஜி வாயால் முழு பதில் சொல்லவில்லை. மதுரையில் உடம்பால் சொன்னார். தன்னிடம் இல்லாத தியாகத்தை ஏழையிடம் கேட்கிறார் என்ற பழியை மட்டும் இறக்கி வைத்தார். துணி எரிப்பைக் கைவிட்டாரா? அதுதான் இல்லை.

இதெல்லாம் அக்டோபர் 31 வரைக்குமாவது என்றுதான் மதுரை அறிக்கையில் கெடு சொல்லியிருந்தார். அந்தத் தேதி வந்தது, போனது. சட்டையை அவர் திரும்பப் போடவே இல்லை.

1929 மார்ச் 4. கல்கத்தா ஷ்ரத்தானந்த பூங்காவில் மறுபடி அந்நியத் துணிக் குவியல், மறுபடி தீ. பொதுப் பாதை அருகே நெருப்பு மூட்டக் கூடாது என்று போலீஸ் சட்டத்தைக் காட்டிக் கைது செய்தார்கள். பர்மா பயணம் இருக்கிறது, போய் வருகிறேன் என்று ஜாமீனில் போனார். சொன்னபடி திரும்பி வந்து கோர்ட்டில் நின்றார். அபராதம் ஒரு ரூபாய். அதையும் அவருக்குத் தெரியாமல் யாரோ கட்டிவிட்டார்கள்.