பாராங்: காட்டைத் திருத்திய கத்தி

1786ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் இறங்கினார். தஞ்சோங் பெனாகா என்று மலாய்க்காரர் வழங்கிய அம்முனைக்குப் பெயர் தந்தது பெனாகா மரம். தமிழர் புன்னை என்று அறிந்த மரமே அது. அன்று அங்கே இருந்தது அடர்காடு. மரங்களின் வன்மையால் தம் ஆட்களின் கோடரிகளும் கைக்கத்திகளும் மடங்கிப் பயனற்றுப் போனதை லைட் தமது குறிப்பில் பதிந்துள்ளார். அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடியவர்கள் காட்டையும் வெட்டித் தீர்த்தனர் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், காட்டை வெட்டக் காசு மட்டும் போதாது. காட்டுக்கு ஏற்ற கத்தியும் அதனைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும் என்பது மெய்.

மலாய் நாட்டுக் காடு தேர்ந்தெடுத்த கத்தி பாராங். அலகு பெரும்பாலும் ஓர் அடிக்குச் சற்று மேல் நீளும். பிடியருகே ஒடுங்கி, நுனியை நோக்கி அகன்று கனக்கும். ஓங்கி வீசினால் அந்த முன்பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். வாய்ப்பக்கம் வெளிநோக்கி வளைந்திருப்பதால் வெட்டு ஆழ இறங்கும். பச்சை மரத்தில் கத்தி சிக்காது. மழையிலும் வியர்வையிலும் கை வழுக்காதிருக்கப் பிடியின் அடி புடைத்து வளைந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் உழைத்தவர்களின் பட்டறிவே இவ்வடிவம்.

இப்பகுதிக்கு இரும்பு புதியதன்று. பினாங்கின் எதிர்க்கரையிலுள்ள கெடாவில், தமிழர் கடாரம் என்று போற்றிய நிலத்தில், சுங்கை பத்து என்னும் இடத்தை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் காற்றூதும் மண்குழாய்களும் அங்கே ஏராளமாக வெளிப்பட்டன. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் நகரிலும் கொல்லுப் பட்டறைகள் பெருகின. பீச் ஸ்திரீட்டின் ஒரு பகுதியைச் சீனர் ‘இரும்படிக்கும் தெரு’ என்றே வழங்கினர்.

தமிழருக்கும் இக்கத்திக்கும் உறவு எவ்வாறு ஏற்பட்டது? சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலேறி வந்து, உழைத்துச் சிறிது பொருள் ஈட்டித் திரும்புவதாக லைட் 1794இல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெல்லெஸ்லி மாகாணத்தில், அதாவது இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்கள் எழுந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்கள் ஊரில் பழகியது அரிவாள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். அரிவாளின் வாய் உள்நோக்கி வளைந்தது. முட்கிளையைக் கொக்கிபோல் பற்றி இழுத்து அறுக்க வல்லது. வறண்ட நிலத்து முட்புதருக்கு அது பொருந்தும். மழைக்காட்டின் கொடிக்கும் மூங்கிலுக்கும் இளமரத்துக்கும் வீசி வெட்டும் பாராங்கே பொருந்தும். எனவே தோட்டத் தமிழன் கத்தியை மாற்றினான், பெயரையும் ஏற்றான். ‘பாராங் கத்தி’ என்பது இன்றும் இந்நாட்டுத் தமிழில் வழங்கும் சொல். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கரும்பு போய் இரப்பர் வந்தது. பாராங் மட்டும் நிலைத்தது.

பினாங்குக் கொடிமலைக்கும் கெடாவின் ஜெராய் மலைக்கும் கூடாரமடிக்கச் செல்லும் இளைஞர் கத்தி வாங்கும்போது இவ்வரலாறு வழிகாட்டும். நீளத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. மணிக்கட்டு சலிக்காமல் நூறு முறை வீசக்கூடிய கத்தியே நல்ல கத்தி. மூங்கிலும் விறகும் வெட்டக் கனத்த அலகு வேண்டும். புல்லும் கொடியும் நீக்க மெல்லிய அலகு போதும். கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும். ஆனால் எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து கொல்லர் அடிக்கும் கத்தி உறுதிக்குப் பெயர் பெற்றது. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது, ஆடாமல் இறுகியிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். வீசும்போது கழன்ற அலகு ஆளைக் கொல்லும். உறையிலிருந்து உருவும்போது வாய்ப்பக்கத்தில் விரல் வைத்தல் ஆகாது; கூரிய அலகு மர உறையையும் பிளந்து விரலை அறுத்துவிடும்.

இக்கத்தியின் சிறப்பைப் பிற நாட்டாரும் அறிந்தனர். பாராங்கின் உறவான கோலோக், அந்த மலாய்ப் பெயருடனேயே பிரிட்டிஷ் படையின் காட்டுக் கத்தியாயிற்று.

இத்தகைய கருவிக்கு இன்று ஒரு பழி வந்து சேர்ந்திருக்கிறது. செய்தித்தாளில் பாராங் என்ற சொல் வந்தால் கொள்ளையும் குண்டர் சண்டையுமே பலருக்கு நினைவு வருகின்றன. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. காட்டுக்குப் போகும் இளைஞனும் கத்தியை உறையிலிட்டுப் பைக்குள் கட்டி எடுத்துச் செல்வதே முறை. சட்டம் தண்டிப்பது கத்தியை அன்று. அதைத் தூக்கும் நோக்கத்தையே.

பினாங்கின் தெருக்களுக்கு ஆளுநர்களின் பெயர்கள் உண்டு. தோட்டத்துக்காகக் காடழித்தவர்களின் பெயர்களோ ஏட்டில் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற சான்று திருத்தப்பட்ட நிலமும் தேய்ந்த ஒரு கத்தியுமே. அக்கத்தியை உழைப்பின் கருவியாகக் கையில் எடுப்பவன் பாட்டனுக்கு மரியாதை செய்கிறான். சக மனிதன்மீது ஓங்குபவன் அந்தப் பாட்டனையே இழிவுபடுத்துகிறான். நல்ல பாராங் எது என்று இளைஞருக்குக் கற்பிக்கும் பெரியோர் இதனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.