யார் பெயரைச் சொல்வது?

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது இரு வீட்டாரும் கட்சி கட்டிக்கொள்வது நாம் அறிந்ததுதான். கம்ப்யூட்டர் உலகிலும் அப்படி ஒரு வழக்கு சுமார் 30 ஆண்டுகளாக நடந்துவருகிறது.

1983 செப்டம்பர் 27 அன்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். யாவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்குவது அவர் சங்கற்பம். அதற்குக் 'குனூ' என்று பெயரிட்டார். 1991-க்குள் கருவிகள் பலவும் தயாராகிவிட்டன. அனைத்தையும் தாங்கி நடத்தும் கெர்னல் என்ற மையப் பகுதி மட்டும் முடியவில்லை.

அந்தக் குறையை ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தீர்த்துவைத்தார். தம் கெர்னலுக்கு அவர் எண்ணியிருந்த பெயர் 'ஃப்ரீயாக்ஸ்'. அதைச் சர்வரில் இடம் கொடுத்து வைத்த ஆரி லெம்கேயோ 'லினக்ஸ்' என்று எழுதிவிட்டார்! 1992-ல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது.

இரண்டும் சேர்ந்த முழு அமைப்பையும் உலகம் லினக்ஸ் என்றே அழைத்தது. "குனூ/லினக்ஸ் என்பதே நியாயம்" என்றார் ஸ்டால்மன். டெபியன் குழுவினர் ஒப்புக்கொண்டார்கள், டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. புகழாசை என்று சிலர் நகைத்தார்கள். ஸ்டால்மனுடைய கவலை வேறு: பெயர் மறைந்தால் நோக்கமும் மறைந்துபோகும் அல்லவா?

1998 பிப்ரவரியில் அக்கவலை வலுத்தது. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரில் கூடிய சிலர், கிறிஸ்டின் பீட்டர்சன் சொன்ன 'ஓப்பன் சோர்ஸ்' என்ற புதுப் பெயரை ஏற்றார்கள். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் இலவசம், சுதந்திரம் இரண்டுமே. வியாபாரிகளை அந்தக் குழப்பம் விரட்டக்கூடாது என்பது அவர்கள் வாதம். சுதந்திரப் பேச்சே போய்விட்டது என்பது ஸ்டால்மனின் மனக்குறை.

நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. வேற்றுமை எளிதில் விளங்கும். 2002-ல் டோர்வால்ட்ஸ், கெர்னல் வேலைக்கு 'பிட்கீப்பர்' என்ற தனியுடைமைக் கருவியை வரித்துக்கொண்டார். நன்றாக உழைத்தது, இலவசமாகவும் கிடைத்தது. சுதந்திரம் மட்டும் இல்லை. கொள்கைப் பற்றுள்ளவர்கள் மனம் கொதித்தார்கள். 2005-ல் அந்தக் கம்பெனி இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டோர்வால்ட்ஸ் சளைக்கவில்லை. அதே ஏப்ரலில் 'கிட்' என்ற கருவியைத் தாமே எழுதினார். இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் அதைத்தான் கையாளுகிறார்கள்.

பெயர் வழக்கில் ஸ்டால்மனுக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் குனூ என்ற பெயரைச் சேர்க்க மறுத்தவர், கிட்டை வெளியிட்டது எந்த உரிமத்தில் தெரியுமா? குனூ பொது உரிமத்தில்தான்.