முந்நூறு ரூபாயில் தொடங்கிய ஓய்வூதியம்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவரும் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். காபி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஓய்வூதியத்தின் பக்கம் திரும்பியது.

"சார், உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வந்துடுது. நான் 2006-ல வேலைக்குச் சேர்ந்தவன். ரிட்டயர்டு ஆனா எனக்கு என்ன கிடைக்கும்னு இத்தனை வருஷமா தெளிவாச் சொல்ல ஆளில்லை. ஆனா ஒருத்தர் ஒரே ஒரு தடவை எம்.பி. ஆயிட்டா போதும், ஆயுசுக்கும் பென்ஷன். இது எந்த ஊர் நியாயம் சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால், குடிமையியல் பாடம் நடத்தும்போது நானே பல தடவை, "மக்கள் சேவைக்கு எதுக்குடா பென்ஷன்?" என்று கேட்டு உங்களையெல்லாம் சிரிக்க வைத்தவன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அவர் போன பிறகு உட்கார்ந்து இந்த வரலாற்றைப் படித்தேன். நான் வகுப்பில் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்தப் பாதியைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடப் பீரியடுக்குப் பழகிய வாய்!

ஓய்வூதியத்துக்கு முன்னால் சம்பளத்தின் கதையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது. "ஆகா, எவ்வளவு தூய்மையான காலம்!" என்று தோன்றும். உண்மை வேறு. சம்பளம் இல்லாத இடத்துக்கு யார் போக முடியும்? நிலமும் ஆலையும் வைத்திருந்தவர்கள்தான் போனார்கள். சுரங்கத் தொழிலாளி லண்டனில் போய் உட்கார்ந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் 1838-இல் சாசன இயக்கத்தார் எழுதிய மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில், உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பதும் ஒன்று. அதைக் கேட்டவர்கள் ஏழைகள், மறுத்தவர்கள் பணக்காரர்கள். கோரிக்கை நிறைவேற 73 ஆண்டுகள் ஆயின. 1911-இல் ஆண்டுக்கு 400 பவுண்டு என்று முடிவானது.

உள்ளே இருக்கும்வரை சம்பளம். சரி, தோற்று வெளியே வந்தால்? பத்து, பதினைந்து ஆண்டு தன் தொழிலை விட்டுவிட்டவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. முன்னாள் உறுப்பினர்கள் சிலர் வறுமையில் வாடுவது வெளியே தெரிந்ததும், 1939-இல் அங்கே ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். ஒவ்வோர் உறுப்பினரின் சம்பளத்திலிருந்தும் ஆண்டுக்கு 12 பவுண்டு பிடித்தார்கள். அந்தப் பணத்திலிருந்து, கஷ்டப்படும் முன்னாள் உறுப்பினர்களுக்கு மட்டும் உதவினார்கள். எல்லாருக்குமான ஓய்வூதியம் 1960-களில்தான் வந்தது. அதற்கும் உறுப்பினர்கள் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும். தோற்று வெளியேறுபவருக்கு ஒருமுறை மட்டும் தரும் இழப்பீட்டுத் தொகையும் இன்று அங்கே உண்டு. அடுத்த வேலையைத் தேடும்வரை தாக்குப்பிடிக்க அது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவையானது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. நாடு போரில் இறங்கியது. அடுத்த மாதமே, 1942 ஜனவரியில், காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்கும் ஓய்வூதியம் கிடைக்கும்படி சட்டம் செய்துகொண்டார்கள். மக்கள் கொதித்துவிட்டார்கள். பிள்ளைகள் போர்முனைக்குப் போகும் நேரத்தில் இவர்களுக்கு இது கேட்கிறதா என்று! அப்போது பிரிட்டனுக்குத் துணிமணி மூட்டை கட்டி அனுப்பும் இயக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதைக் கேலி செய்து, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்துக்காரர்கள் "காங்கிரசுக்கு மூட்டைகள்" என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். பாவம், ஏழை உறுப்பினர்கள் என்று சொல்லிப் பழைய துணியும் பழைய செருப்பும் சேகரித்தார்கள்! ஊர் சிரித்த சிரிப்பில் மார்ச் மாதமே அந்த ஏற்பாட்டை ரத்து செய்தார்கள். 1946-இல் அதே ஓய்வூதியம் மறுபடி வந்தது. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, ஆறு ஆண்டாவது பணி செய்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு வந்தது.

இரண்டு நாட்டுக் கதையிலும் மூன்று கேள்விகள் இருப்பதைக் கவனித்தீர்களா? கரும்பலகையில் எழுதுவதாக நினைத்துக்கொள்கிறேன். ஒன்று, பணம் யார் கட்டுவது? இரண்டு, எத்தனை ஆண்டு உழைத்தவருக்கு? மூன்று, முடிவு செய்வது யார்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 106-ஆம் பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி முடிவு செய்யலாம் என்கிறது. ஓய்வூதியம் என்ற சொல் அதில் இல்லை. 1954-இல் வந்த சட்டப்படி மாதச் சம்பளம் 400 ரூபாய். ஓய்வூதியம் கிடையாது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டு இப்படியே ஓடியது.

1976-இல், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, அந்தச் சட்டத்தைத் திருத்தி ஓய்வூதியத்தைச் சேர்த்தார்கள். ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 300 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 ரூபாய். எப்படிக் கூட்டினாலும் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டு என்ற வாசற்படியும் 500 என்ற கூரையும் உள்ள ஓட்டு வீடு மாதிரி அளவான ஏற்பாடு. பங்கு கட்டுவது மட்டும் முதலிலிருந்தே கிடையாது. மொத்தமும் அரசுப் பணம்.

இது தேவைதானா என்று கேட்பவர்களுக்கு நம் மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவரைக் காட்டுகிறேன். மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். 1952 முதல் 1957 வரை நாடாளுமன்ற உறுப்பினர். அதற்குப் பிறகு 1967 வரை மாநில அமைச்சர். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று பெரிய துறைகளையெல்லாம் பார்த்தவர். பதவி போன பிறகு அவர் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு கலங்கிப்போய் உதவ ஏற்பாடு செய்தார். எங்கள் தலைமுறைக்கு இது தெரிந்த கதை. "எவ்வளவு நேர்மை!" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் ஒரு நேர்மையான மனிதனுக்கு நாம் கொடுத்த பரிசு அதுதானா? நேர்மையாக இருந்தால் கடைசியில் பொது வார்டு என்றால், அடுத்து வருகிறவன் பதவியில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளத்தானே பார்ப்பான்?

வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். மக்கள் பிரதிநிதிக்கு ஓய்வூதியம் என்பது தன்னளவில் தப்பே இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை அரசியலுக்கு வரவும், வந்தவன் கை சுத்தமாக இருக்கவும் அது ஒரு பாதுகாப்பு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த வாசற்படியையும் கூரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியதில்தான். 2004-இல் வந்த திருத்தத்தில் குறைந்தபட்சக் காலம் என்பதே போய்விட்டது. எவ்வளவு காலம் உறுப்பினராக இருந்திருந்தாலும் ஓய்வூதியம் உண்டு என்றாயிற்று. தொகையும் ஏறியது. 2006-இல் 8,000 ரூபாய், 2010-இல் 20,000, 2018-இல் 25,000. இப்போது 31,000. ஐந்தாண்டுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக 2,500. பத்தாண்டு இருந்தவர் என்றால் 43,500 என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியில் மட்டும் ஒரு நல்ல மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் உறுப்பினர்களே கை தூக்கித் தங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொள்வார்கள். 2018-க்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டை வைத்து உயர்த்த வேண்டும் என்று ஆகியிருக்கிறது. 2025-இல் அறிவித்த உயர்வு அப்படி வந்ததுதான்.

இந்த ஓய்வூதியமே செல்லாது என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. 106-ஆம் பிரிவில் அந்தச் சொல்லே இல்லையே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதெல்லாம் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் முடிவு செய்ய வேண்டியவை என்றாகிவிட்டது. பஞ்சாபில் அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள். அங்கே எத்தனை முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தாரோ அத்தனைக்கும் சேர்த்து ஓய்வூதியம் ஏறிக்கொண்டே போனது. 2022-இல் அதை மாற்றி, எத்தனை முறை ஜெயித்திருந்தாலும் ஓய்வூதியம் ஒன்றுதான் என்று சட்டம் செய்தார்கள். ஆக, மனம் இருந்தால் மாற்ற முடியும்.

இனி என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கோபத்துக்குக் காரணம் அந்த 31,000 ரூபாய் அல்ல, அந்த ஆண்டுகள். தமிழ்நாட்டில் 1-4-2003 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. மாதாமாதம் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம். மத்திய அரசுப் பணியில் 1-1-2004 முதல் இதே கதை. மக்கள் பிரதிநிதிக்கு வாசற்படியை எடுத்த அதே 2004-இல் ஊழியருக்குக் கதவையே சாத்தினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில்கூட, கடைசிச் சம்பளத்தில் பாதி வேண்டும் என்றால் 25 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியமான 10,000 ரூபாய்க்கே பத்தாண்டு வேண்டும். அதற்கும் மாதாமாதம் பங்கு கட்ட வேண்டும். அந்தப் பக்கம் எத்தனை நாள் இருந்தாலும் சரி, பங்கும் இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2003-இல் அந்த ஆணை வந்தபோது நான் பணியில் இருந்தேன். "ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை இது தொடாது" என்று தெரிந்ததும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. நானும்தான் விட்டேன். இனிமேல் சேரப்போகிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் அப்போது என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! அதில் ஒருவர்தான் போன வாரம் வந்து கேட்டவர்.

பந்தியில் உட்கார்ந்தவன் தன் இலையை மட்டும் பார்த்தால் வெளியே நிற்பவனுக்கு எப்போது சோறு? உறுப்பினர்கள் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று குறை சொல்கிறோம். நாங்களும் எங்கள் இலையைத்தான் பார்த்தோம். எனவே அவர்களைக் கேட்கிற தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

அதனால் அந்த மாணவருக்கு என் பதில் இது. "தம்பி, அவங்களுக்குக் கொடுக்காதேன்னு கேட்காதே. கொடுக்கிற நியாயத்தை எல்லாருக்கும் ஒண்ணா வைன்னு கேளு." அவர்களும் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு கட்டட்டும். ஒரு முழுப் பதவிக் காலமாவது இருந்தவருக்கு ஓய்வூதியம் என்று ஆகட்டும். இடையிலேயே தோற்று வெளியேறுபவருக்கு ஒருமுறை இழப்பீடு கொடுக்கலாம். முதுமையில் ஒரு மனிதன் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற காரணம் கக்கனுக்குப் பொருந்தும் என்றால், சத்துணவு ஆயாவுக்கும் பொருந்தும், என் மாணவருக்கும் பொருந்தும்.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் 2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் நிலைமையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என் கணக்கில் எங்காவது பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். வாத்தியார் பிழையை மாணவன் திருத்தினால் அதைவிடப் பெரிய ஓய்வூதியம் எனக்கு வேறு எது?

அன்புடன்,
உங்கள் வாத்தியார்