மாரடைப்புக்குப் பிந்தைய இதயச் சுருக்கக் குறைவு

இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கொரோனரித் தமனி அடைபட்ட பிறகு, இடது கீழறையின் சுவர் ஓரிடத்திலோ பரவலாகவோ வலுவிழந்து சுருங்கும் நிலை இது. மருத்துவமனை வராந்தாக்களில் ‘பம்பிங் கம்மி’ என்ற பேரில்தான் புழங்குகிறது. எக்கோ அறிக்கையில் 35 என்று போட்டிருந்தால், இதயத்தில் நூற்றுக்கு 35 பங்குதான் மிச்சம் என்று வீட்டார் எடுத்துக்கொண்டு கலங்குகிறார்கள். அந்த எண் சொல்வது வேறு. நிரம்பிய இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. நல்ல இதயம்கூட 100 சதவீதத்தைத் தள்ளுவதில்லை. சுமார் 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியேறினால் போதும். 55 முதல் 70 வரை இயல்பு. மருத்துவர்கள் இ.எஃப். என்று சொல்வது இந்த எண்ணைத்தான்.

இந்த எண் குறையும்போது, குறைந்த பங்கு முழுவதும் செத்த தசை என்று கொள்ளக் கூடாது. இறந்த தசை, உயிரோடிருந்தும் மரத்துப்போன தசை, பட்டினிக்கு ஏற்ப வேலையைக் குறைத்துக்கொண்ட தசை, பக்கத்துச் சுமையையும் சேர்த்து இழுத்துக் களைத்த நல்ல தசை என நான்கும் அந்த ஒற்றை எண்ணுக்குள் கலந்துகிடக்கின்றன. எக்கோ கருவியின் திரையில் முதல் நாள் இவற்றில் பலவும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

முதல் நிமிடம்

1935இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் டென்னன்ட், கார்ல் விக்கர்ஸ் இருவரும் நாயின் கொரோனரித் தமனி ஒன்றைக் கட்டிவிட்டு, அந்தத் தமனியை நம்பியிருந்த சுவரின் அசைவைப் பதிவுசெய்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை விட்டுவிட்டது. அதோடு நிற்கவில்லை. மற்ற சுவர்கள் உள்நோக்கி அழுத்தும் அதே நேரத்தில் இது வெளிப்பக்கமாகப் புடைத்தது. முன்னே போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்தப் புடைப்புக்குள் வீணாகப் போய் வந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் மனிதரிலும் இதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு வந்தது. ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூனை ஊதும்போது தமனி சில நொடிகள் முழுமையாக அடைபடுகிறது. அப்போது முதலில் கெடுவது தசை தளர்வது, அடுத்து, சுருங்குவது. ஈசிஜியில் மாற்றம் அதற்குப் பிறகு. நோயாளி நெஞ்சைப் பிடிப்பது கடைசியில்தான். வலி தெரிவதற்கு முன்பே சுவர் நின்றுவிட்டிருக்கும்.

தளர்வும் சுருக்கமும் இவ்வளவு விரைவில் கெடுவதற்குக் காரணம் உண்டு. தசை சுருங்குவதற்குச் செல்லுக்குள் கால்சியம் வெளிப்பட வேண்டும். தளர்வதற்கு அந்தக் கால்சியத்தைத் திரும்ப உறிஞ்சிக் கிடங்கில் அடைக்க வேண்டும். இரண்டுக்கும் ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. இதயம் ஒரு நாளில் பல கிலோ ஏ.டி.பி.யைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் செலவிடுகிறது. கையிருப்போ சில துடிப்புகளுக்குத்தான் காணும். ஓய்விலேயே கொரோனரி ரத்தத்தின் ஆக்சிஜனில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்வதால், ரத்தம் நின்றால் இன்னும் கொஞ்சம் பிழிந்து சமாளிக்கவும் வழியில்லை.

அப்படியானால் ஆற்றல் தீர்ந்துதான் சுருக்கம் நிற்கிறது என்று தோன்றும். அளந்து பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. சுருக்கம் நின்ற வேளையில் செல்லுக்குள் ஏ.டி.பி. கணிசமாக மிச்சம் இருந்தது. அவசரச் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் மட்டும் மளமளவென்று உடைந்து, பாஸ்பேட்டைக் கொட்டியிருந்தது. கூடவே ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்ததால் அமிலம் சேர்ந்திருந்தது. பாஸ்பேட், மயோசின் இழை ஆக்டினைப் பற்றி இழுக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அமிலம், டிரோபோனின் எனும் புரதம் கால்சியத்துக்கு மசிவதைக் குறைக்கிறது. இது கோளாறு என்பதைவிடத் தற்காப்பு என்று கொள்வதே பொருத்தம். வேலையை நிறுத்தாத செல் இருந்த ஏ.டி.பி.யையும் தீர்த்து, விறைத்து, இன்னும் சீக்கிரம் செத்திருக்கும்.

சாவின் போக்கு

நின்ற தசை உடனே செத்துவிடுவதில்லை. சுமார் 20 நிமிடத்துக்குள் ரத்தம் திரும்பினால் அநேகமாக எல்லாச் செல்களும் பிழைத்துவிடும். அதைத் தாண்டினால் சாவு உள்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி நகர்கிறது. கீழறையின் உள்ளழுத்தம் உள்சுவரைத்தான் அதிகம் நெரிக்கிறது. அதன் ஆக்சிஜன் தேவை அதிகம். ரத்தம் அங்கே கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. 1977இல் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் காட்டியபடி, 40 நிமிட அடைப்பில் ஆபத்துக்குட்பட்ட தசையில் 38 சதவீதம் செத்தது. 3 மணி நேரத்தில் 57. 6 மணி நேரத்தில் 71. மனிதரில் பக்கக் குழாய்களின் உதவியைப் பொறுத்து இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்தவரைப் பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதன் நியாயம் முழுவதும் இந்த எண்களில் இருக்கிறது.

செத்த தசைக்குப் பதில் தசை முளைப்பதில்லை. முதல் சில நாட்கள் வெள்ளணுக்கள் வந்து இடிபாடுகளை அகற்றுகின்றன. சுவர் மிக நலிந்திருப்பது இந்த முதல் வாரத்தில்தான். கிழிந்துபோகும் அபாயமும் அப்போதுதான். பிறகு கொல்லாஜன் நார் படிந்து, 6 முதல் 8 வாரங்களில் உறுதியான தழும்பாகிறது. தழும்பு சுவரைக் கிழியாமல் காக்கும். ஆனால் சுருங்காது.

மரத்துப்போன தசை

அடைப்பு நீங்கி ரத்தம் ஓடத் தொடங்கியதும் தசை மறுபடி சுருங்கிவிடும் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1975இல் ஹெய்ண்ட்ரிக்ஸ், வாட்னர் குழு, மயக்கத்தில் இல்லாத நாய்களில் தமனியை வெறும் 15 நிமிடம் மூடித் திறந்தது. ஒரு செல்லும் சாகவில்லை. ரத்த ஓட்டமும் திரும்பிவிட்டது. ஆனால் சுருக்கம் 6 மணி நேரத்துக்கு மேலாகியும் பழைய அளவுக்கு வரவில்லை. 1982இல் பிரௌன்வால்ட், குளோனர் இருவரும் இந்த நிலைக்குத் தனிப் பெயரிட்டு, இது மருத்துவமனைகளிலும் நடக்கிறது என்று கவனப்படுத்தினார்கள். இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்றும் சொல்லலாம். ஏனென்றால் முதல் வாரத்து ‘பம்பிங் கம்மி’யில் பெரும் பங்கு பலருக்கு இதனால் வருகிறது.

ஏன் மரத்துப்போகிறது? பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடீரெனப் பாயும்போது, கட்டற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் பீறிட்டுப் புரதங்களைத் தாக்குகின்றன. அமிலத்தை வெளியேற்றும் முயற்சியில் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் மிதமிஞ்சி உள்ளே வருகின்றன. கால்சியம் இல்லாமல் இதயம் சுருங்காது என்பது 1883இல் சிட்னி ரிங்கர் கண்டது (அவருடைய முந்தைய சோதனைகளில் தவளை இதயம் துடித்ததற்குக் காரணம் லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் என்பது பிறகே தெரியவந்தது). இங்கே நிலைமை தலைகீழ். கால்சியம் இருக்கிறது; இழைகள் அதற்குப் போதிய அளவு செவிசாய்ப்பதில்லை. எலி இதயத்தில் டிரோபோனின் புரதத்தின் நுனியே வெட்டுப்பட்டிருந்ததைக் கண்டார்கள். பெரிய விலங்குகளில் அது எல்லாச் சோதனையிலும் தென்படவில்லை. எனவே அதை முழு விடையாக ஏற்க முடியாது.

இத்தகைய தசைக்கு டோபுட்டமின் மருந்தைச் சிறிதளவு ஏற்றினால், எக்கோ திரையில் அசையாமல் கிடந்த சுவர் உள்நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். தழும்பு எந்த மருந்துக்கும் நகராது. மரத்த தசை தானாகவே சில நாட்களிலோ சில வாரங்களிலோ தேறிவிடும்.

பட்டினியும் உறக்கமும்

தமனி திறக்கப்படாமல், அல்லது பல தமனிகள் குறுகிய நிலையில், ரத்தம் மாதக்கணக்கில் குறைவாகவே வந்தால் தசை வேறொரு வழியை எடுக்கிறது. வரவுக்கு ஏற்றபடி செலவைச் சுருக்கிக்கொள்கிறது. சுருக்க இழைகளில் ஒரு பகுதி கரைகிறது. செல்லுக்குள் கிளைக்கோஜன் குவிகிறது. 1980களில் ஷாபுதீன் ரஹிம்தூலா இதை ‘உறங்கும் இதயத்தசை’ என்று பரவலாக்கினார். பைபாஸ் செய்தால் இது விழித்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். பலரிடம் அப்படியே நடந்தது.

ஆனால் இந்த அழகான கருத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுபோனபோது பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை. பிரிட்டனில் 700 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இ.எஃப். 35 அல்லது அதற்கும் குறைவாக இருந்து, உயிருள்ள தசையும் இருப்பதாக உறுதியானவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இவர்கள் அதிகம் பிழைக்கவில்லை. எண்ணும் கூடுதலாக உயரவில்லை. ‘தசை உயிரோடு இருக்கிறது, ஸ்டென்ட் வைத்தால் பம்பிங் ஏறிவிடும்’ என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நல்ல தசையும் கெடுவது

எல்.ஏ.டி. எனும் முன்பக்கத் தமனி அடைபட்டால் முன்சுவரும் இடைச்சுவரின் பெரும்பகுதியும் நுனியும் ஒருசேர நிற்கின்றன. மிஞ்சிய சுவர் அந்தச் சுமையையும் ஏற்று வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்குவதால், ஆரம்பத்தில் இ.எஃப். இழப்பை மறைப்பதும் உண்டு. விலை பின்னால் தெரிகிறது. செத்த பகுதி மெலிந்து நீள, அறை பெரிதாகிறது. ஆரம் கூடிச் சுவர் மெலியும்போது, அதே அழுத்தத்துக்குச் சுவரின் இழுவிசை உயரும் என்பது லாப்லாஸ் விதி. இழுவிசை கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும். தேவை கூடினால் நல்ல தசை களைக்கும். களைத்தால் அறை மேலும் விரியும். அட்ரினலின், ஆஞ்சியோடென்சின் எனும் ஹார்மோன்கள் இரவு பகலாகச் சாட்டையடிக்க, செல்கள் அட்ரினலினை ஏற்கும் பீட்டா ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. கால்சியத்தைக் கிடங்குக்குத் திருப்பும் புரதமும் குறைகிறது. கிடங்கிலிருந்து கால்சியம் கசியவும் தொடங்குகிறது. அடைப்பையே பார்த்திராத சுவர் அடைப்பால் கெடுவது இப்படித்தான்.

1987இல் நியூசிலாந்தின் ஹார்வி வைட் குழு, மாரடைப்புக்குப் பின் ஆயுளைக் கணிப்பதில் இ.எஃப்.ஐ விட, சுருங்கி முடிந்தபின் அறையில் தங்கும் ரத்தத்தின் அளவே மேலான குறி என்று காட்டியது. எக்கோ அறிக்கையின் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

இந்த விரிவைத் தடுக்க முடியும் என்று எலிகளில் முதலில் காட்டியவர்கள் மார்க், ஜானிஸ் பெஃபர் தம்பதி. அவர்கள் கொடுத்த கேப்டோபிரில், பிரேசிலின் ஜரராக்கா விரியன் நஞ்சிலிருந்து கிடைத்த தடயத்தில் உருவான மருந்து. இ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழிருந்த 2231 பேரிடம் நடந்து 1992இல் வெளியான ஆய்வில் இறப்பு அபாயம் 19 சதவீதம் குறைந்தது. பிறகு பீட்டா தடுப்பு மருந்துகளும் சேர்ந்தன. சாட்டையைத் தடுக்கும் இந்த மருந்துகள் முதல் பார்வைக்கு இதயத்தைத் தணிப்பவை போலத் தோன்றினாலும், மாதங்கள் செல்லச் செல்லச் சுருக்கம் கூடுகிறது.

காத்திருந்து அளப்பது

மரத்த தசை தேறக் காலம் வேண்டும் என்பதால் முதல் வாரத்து எக்கோவை வைத்துப் பெரிய முடிவுகள் எடுப்பதில்லை. திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவியை மாரடைப்பு வந்த 6 முதல் 40 நாட்களுக்குள் பொருத்திப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. துடிப்புக் கோளாறால் வந்த மரணம் குறைந்தும், மொத்த மரணம் குறையவில்லை. இன்றைய வழிகாட்டுதல் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆகியிருந்தால் 3 மாதம், மருந்துகளோடு காத்திருந்து மறுபடி அளக்கச் சொல்கிறது.

அதற்குப் பிறகும் ஏறாத பங்கு பெரும்பாலும் தழும்பு. இதயத்தசைச் செல் புதிதாகப் பிறப்பதே இல்லை என்ற பழைய பாடம் 2009இல் திருத்தப்பட்டது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருப்பதை வைத்து அவற்றின் வயதைக் கணக்கிட்டது ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதமும், 75 வயதில் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவும் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு பெரிய மாரடைப்பு சில மணி நேரத்தில் நூறு கோடி செல்கள் வரை அழிக்கிறது. வரிக்குதிரை மீனோ, கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியெடுத்தாலும் சுமார் இரண்டே மாதங்களில் தசையாகவே வளர்த்துக்கொள்கிறது.