எல்லைக்கு வெளியே எட்டு வருஷம்

புதுச்சேரியின் சரித்திரத்தை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொடியை மாற்ற ஒரு நாள் போதும். சட்டம் மாற எட்டு வருஷம் ஆயிற்று. அதை வெறும் காரியாலயத் தாமதம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அரசியல் சட்டத்துக்கு வெளியே ஒரு ஊர் இருப்பது என்றால் என்ன என்று அந்த எட்டு வருஷம்தான் நமக்குக் காட்டியது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். சந்திரநாகூரில் 1949-லேயே ஜனங்கள் தாங்களே வாக்களித்தார்கள். இங்கே அவர்கள் சார்பில் வாக்களிக்கப்பட்டது. நேரே கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் சரியான பதிலாகவே இருந்தாலும், அதை யாரிடம் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

1956 மே 28-ல் இரு அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை அங்கீகரித்ததோ 1962-ல், அல்ஜீரிய யுத்தம் முடிந்த பிறகு. இடைப்பட்ட காலத்தில் இங்கே ஆண்டவர் இந்தியா நியமித்த சீஃப் கமிஷனர். எந்தச் சட்டத்தின் கீழ்? அந்நிய மண்ணில் இந்தியா அதிகாரம் செலுத்துவதற்கென்று 1947-ல் செய்த சட்டத்தின் கீழ். ஆண்டது இந்தியா, மண் அந்நியம்.

இந்த முரண் ஒரு பஸ் பெர்மிட் வழக்கில் அம்பலமாயிற்று. அதிகாரிகளின் உத்தரவை எதிர்த்து ஒருவர் டில்லியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். புதுச்சேரி இந்தியப் பிரதேசத்தில் சேர்ந்ததா இல்லையா என்று 1961 டிசம்பரில் கோர்ட் அரசாங்கத்தையே கேட்டது. சேரவில்லை என்று அரசாங்கம் பதில் எழுதியது. 1962 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாயிற்று. கொடியேற்றி ஏழு வருஷம் கழித்து அரசாங்கம் தன் கைப்பட எழுதிய பதில் இது.

நான் இருக்கும் தவளக்குப்பத்தில் கடலூர் பஸ் ஏறினால் முள்ளோடையில் எல்லை வந்துவிடும். இன்று மதுக்கடைகளை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறோம். அன்று எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பஸ் விடுகிறவனுக்கு சுப்ரீம் கோர்ட் உண்டு. இந்தப் பக்கத்துக்காரனுக்கு இல்லை.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இந்த எல்லை பாரதி வழியாகப் பழக்கம். 1908-லிருந்து பத்து வருஷம் பிரிட்டிஷ் வாரண்ட் நுழையாத ஊராக இது அவருக்கு அடைக்கலம் தந்தது. அதனாலேயே எல்லைக்கு வெளியே இருப்பதை ஒரு சுதந்திரமாகக் கற்பனை செய்து பழகிவிட்டோம். தப்பி வந்தவனுக்கு அது சுதந்திரம்தான். இங்கேயே பிறந்தவனுக்கு முறையிட இடமில்லாத நிலை அது. சட்டம் எட்டாத இடத்தில் அதன் பாதுகாப்பும் எட்டுவதில்லை.

1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான கைமாற்றம் நடந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். இம்முறை ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ஆனால் மௌனத்தையும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம் என்றானது இப்படித்தான். பாங்கு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, பிரான்சிலிருந்து வரும் பென்ஷன்களில் அந்த ஆறு மாதம் இன்னும் தெரிகிறது.

பிறகு வந்தது 1963-ன் யூனியன் பிரதேசச் சட்டம். சட்டசபைக்கு முப்பது பேரை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அப்படி நியமிக்க இங்குள்ள மந்திரிசபையைக் கலக்க வேண்டியதில்லை, நியமனம் பெற்றவர்களுக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்கு உண்டு என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எழுத்தின்படி தீர்ப்பு பிழையில்லாமல் இருக்கலாம். அந்த எழுத்தை எழுதியபோதும் யாரும் இங்கே வந்து கேட்கவில்லை என்பதுதான் என் பிரச்னை.

கீழூரில் 178 பேர், சட்டசபையில் 3 பேர். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இந்த ஊர்க்காரர்களை நேரே கேட்காமலும் காரியம் நடத்தலாம். 1962-ல் நாம் அரசியல் சட்டத்துக்குள் வந்துவிட்டோம், சந்தேகமில்லை. வாசலைத் தாண்டியதும் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.