கூட்டை விட்டு விலகிய கேமரா

பறவைகளைத் துல்லியமாகப் படமெடுக்க நீண்ட லென்ஸே முதல் தேவை என்று இன்று பயிலத் தொடங்கும் பலரும் கருதுகின்றனர். ஆயினும் இக்கலையின் கடந்த காலத்தை நோக்கினால், துல்லியம் என்பது பறவைக்கும் கேமராவுக்கும் இடைப்பட்ட தொலைவையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதும், அத்தொலைவைக் கடக்கக் கையாண்ட வழிகளே காலந்தோறும் மாறிவந்தன என்பதும் விளங்கும். சித்தூர், திருப்பதி வட்டாரம் ஒருபுறம் சேஷாசலம் முதலிய வறண்ட மலைகளையும் மறுபுறம் பழவேற்காடு ஏரியையும் கொண்டிருப்பதால், அம்மாற்றங்களின் தடத்தை இங்கே நன்கு காண முடிகிறது.

இவ்வட்டாரம் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நாளில், பறவையைப் பதிவு செய்யும் கருவியாக விளங்கியது துப்பாக்கியே ஆகும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1929-30இல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடத்திய, வெர்னே ஆய்வு எனப்படும் கள ஆய்வின்போது, சேர்வராயன் மலை முதல் நல்லமலை வரை பறவைகள் சுடப்பட்டு, அவற்றின் தோல்கள் பதப்படுத்தப்பட்டன. பறவையியலாளர்கள் ஹியூ விஸ்லரும் என். பி. கின்னியரும் அத்தோல்களை ஆராய்ந்தே தம் அறிக்கையைக் கழகத்தின் இதழில் தொடராக வெளியிட்டனர். உயிருள்ள பறவையின் படத்தைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் அப்போது வேரூன்றியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய பறவைக் கூடு ஒன்றைப் படமெடுத்தது முதல், கூட்டையே மையமாகக் கொண்ட முறை பரவியது; இந்தியாவிலும் ஆர். எஸ். பி. பேட்ஸ், இ. எச். என். லோதர் ஆகியோர் அதையே பின்பற்றினர். இந்தியாவில் தாம் எடுத்த படங்களைப் பற்றிய லோதரின் நூல் 1949இல் வெளிவந்தது. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. ஆகவே ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு அடைக்கும் மூடுதிரை, நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டியிருந்தது. கிளைக்குக் கிளை தாவும் பறவையை அவ்வாறு எடுத்தால் உருவம் கலங்கிவிடும். கூட்டுக்கு வரும் தாய்ப்பறவையோ மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வந்து அமரும் என்பதால், சில அடி தொலைவில் மறைப்புக் கூடாரம் அமைத்து, குவியத்தை முன்கூட்டியே கூட்டின் விளிம்பில் நிறுத்திவைத்துக் காத்திருப்பது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தத் துல்லியத்துக்குப் பறவையே விலை கொடுத்தது. கூட்டை மறைக்கும் கிளைகளை ஒதுக்கிக் கட்டினால் குஞ்சுகள் வெயிலில் வாடின. திறந்து கிடந்த கூடு காகங்களின் கண்ணிலும் பட்டது. அழகான படங்கள் பல அந்நாளில் எடுக்கப்பட்டன என்பதற்காக இந்தச் சேதத்தைச் சிறிதாக எண்ணிவிடலாகாது.

விடுதலைக்குப் பின் இக்கலை தொழில்முறை சாராத ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. வெளிநாட்டுக் கருவிகள் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன் பல்வேறு பாகங்களைத் தாமே ஒன்றிணைத்த கனத்த கேமராவைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். அப்போதைய சித்தூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை, மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலி பள்ளியின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. மொட்டையாகிக் கிடந்த சுற்றுக்குன்றுகளில் பல்லாண்டுகளாக மரம் வளர்த்ததன் பயனாகப் பறவைகள் பெருகின. 1991இல் அப்பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எஸ். ரங்கசாமியும் ஒளிப்படக் கலைஞர் எஸ். ஸ்ரீதரும் அப்பறவைகளைப் பற்றியும் வாழிட மீட்பைப் பற்றியும் 1993இல் நூல் வெளியிட்டனர். மனிதர்க்கு அஞ்சாத பறவை தானே அருகில் வரும். எனவே வாழிடத்தைப் பேணுவதும் தொலைவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகிறது. அவ்வழிகளுள் மேன்மையானதும் அதுவே.

நேலபட்டு பறவைச் சரணாலயத்தில் தொலைவுக்குச் சட்டமே எல்லை வகுத்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுப்பதற்காக நுழைவதை அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய செயலாக்கியது. அதன்படி 1976இல் அறிவிக்கப்பட்டு, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் இச்சரணாலயத்தில், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அதனால் கேமரா கரையிலேயே நின்றுவிடுகிறது. இந்த விலகலை ஈடுசெய்ய வந்ததே நீண்ட லென்ஸ். ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முழுச்சட்டக் கேமராவில் 500 மி.மீ. லென்ஸை எஃப் 5.6 என்ற திறப்பில் வைத்து, 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை எடுக்கும்போது, முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 13 செ.மீ. அளவே தெளிவாகப் பதியும். இதனைக் குவிய ஆழம் என்பர். அச்சிறிய ஆழத்துக்குள் பறவையின் கண் விழாவிட்டால், இறகு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் படம் உயிரற்றுத் தோன்றும்.

கண்ணைக் குவியத்தில் நிறுத்தும் வேலையைக் கருவி படிப்படியாக ஏற்றுக்கொண்டது. 1985இல் வந்த மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது. 1995இல் கேனான் நிறுவனம் கைநடுக்கத்தைத் தணிக்கும் லென்ஸை வெளியிட்டது. 2020 முதல் பறவையின் கண்ணைத் தானே கண்டறியும் கேமராக்கள் வந்தன. எனினும் நடுக்கத் தணிப்பு எடுப்பவரின் கையை மட்டுமே நிலைப்படுத்தும், பறவையின் அசைவை நிறுத்தாது. ஆதலால் பறக்கும் பூநாரைக்கு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போன்ற விரைந்த ஷட்டர் வேகம் இன்றும் தேவைப்படுகிறது.

இக்கருவிகள் எதனாலும் வெல்ல முடியாத தடை பழவேற்காடு ஏரியின் காற்று ஆகும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியைக் கிழக்கு நோக்கிக் கடக்கிறது. அதன் இருபுறமும் குளிர்காலத்தில் பூநாரைகள் மேய்கின்றன. வெயில் ஏறியதும் சேற்றுப் பரப்பின் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைப்பதால் கானல் எழுகிறது. தொலைவிலுள்ள பறவையின் உருவம் அதில் நெளிந்துவிடும். லென்ஸ் எவ்வளவு நீளமோ அந்த நெளிவும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். அதனால் இங்கே படமெடுப்போர் விடியலில் வந்து, கானல் எழுமுன் முடித்துக்கொள்வதே முறை. குளிர்காலத்துக் கதிரவன் தென்கிழக்கில் எழுவதால், சாலையின் வடபுறத்துப் பறவைகள் மீது காலை ஒளி எடுப்பவரின் பின்னிருந்து விழுகிறது; தென்புறத்துப் பறவைகளோ ஒளிக்கு எதிரே வெறும் நிழலுருவங்களாகவே பதிகின்றன.