அதே ஊர், அதே கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் பொருளாதாரத்தை ஊர் ஊராகச் சென்று ஆராயும் வழக்கத்தை சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915 இறுதியில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக அங்கு வந்த அவர், பாடநூல்களில் இருந்த பொருளியல் இங்கிலாந்தைப் பற்றியதே என்று கண்டார். மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு என்ற ஊர் அந்த நூலில் இல்லை. ஆனால் அதே மாவட்டத்தில், சிவகாசிப் பக்கம் உள்ள வடமலைபுரம் இருக்கிறது. இரண்டும் அப்போது, 1910இல் உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த மானாவாரி நாடு.

இந்த நாட்டில் ஓர் ஊரை ஒரே ஒருமுறை பார்த்து எழுதுவதில் உள்ள முதல் சிக்கல் மழை. மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம் ஐப்பசி மழை தவறினால் பருத்தியும் கம்பும் போய்விடும். ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள். நல்ல ஆண்டில் வந்தவர் எழுதும் ஊரும் பஞ்ச ஆண்டில் வந்தவர் எழுதும் ஊரும் ஒன்றாக இரா. அளவைகள் அடுத்த சிக்கல். கூலி தானியமாக அளக்கப்பட்ட காலத்தில் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. அதைக் குறிக்காமல் ‘இத்தனை மரக்கால்’ என்று எழுதிய கூலியை வேறு ஊரோடு ஒப்பிடவே முடியாது. விளைச்சல் கணக்கோ ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கண் மதிப்பு. கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். சொந்த ஊர் மாணவருக்குப் பல விவரங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் நிலக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் கூலியாள் தன் கடனையும் குறையையும் எந்த அளவு திறந்து சொல்வார்?

இவற்றைச் சரிபார்க்க ஒரு வழி மறுபடி போவது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் ஸ்லேட்டரின் ஊர்களை மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். இடையில் உலகப் பொருளாதார மந்தம் வந்து விளைபொருள் விலையைச் சரித்திருந்தது. கடன் தொகையோ அப்படியே நின்றது. ஆகவே இரண்டு அறிக்கைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் ஊர் மாறியது எவ்வளவு, ஆய்வாளர் மாறியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டியிருந்தது. மறு ஆய்வின் கடினமான பகுதி இதுதான். இன்றும் அது முழுமையாகத் தீரவில்லை. இதே சிக்கல் வெளிநாட்டிலும் எழுந்தது. மெக்சிகோவின் தெபோஸ்த்லான் ஊரை 1926–27இல் ஆராய்ந்த மானிடவியலாளர் ராபர்ட் ரெட்ஃபீல்டு அங்கே இணக்கத்தைக் கண்டார். 1943 முதல் அதே ஊரை ஆராய்ந்த ஆஸ்கர் லூயிஸ் பூசலையும் வறுமையையும் கண்டார். அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காலமாற்றத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

ஆய்வாளரால் வரும் வேறுபாட்டை அறியப் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் வேறொரு விடை வைத்திருந்தார். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைப்பது. முடிவுகளின் விலகல் பிழையின் அளவைக் காட்டும். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இம்முறையைக் கையாண்டது. காலம் இடையில் புகாததால், விலகலை ஊரின் மாற்றம் என்று சொல்ல இடமில்லை. ஆனால் நாட்டளவில் பணமும் ஆளும் இருந்தால்தான் இது நடக்கும். தனி ஆய்வாளருக்குக் கைகூடாது.

ஸ்லேட்டர் ஊர்களுக்கான பயணம் நிற்கவில்லை. மார்கரெட் ஹாஸ்வெல் 1960களில் வந்தார். அவர் நூல் 1967இல் வெளியானது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் மறுபடி போனார்கள். வடமலைபுரத்தை ஆராய்ந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு பற்றி ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் 2010இல் எழுதிய கட்டுரை 1916 முதல் 2008 வரை நீள்கிறது.